வலையை அனுப்பிவைத்த ஊரிலிருந்து

திவ்யா கண்ணு, அம்மாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எர்ணாவூர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்ததற்கு இவ்வளவுதான் வரும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நான் வாயெடுத்தால் நீ "மீட்டிங்ல கீறேன்மா, அப்பறம் பேசறேன்" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன், அதோடு போய்விடும். இது அப்படிப் போய்விடக் கூடாத விஷயம். டெல்லியில் பயிற்சி முடிந்து நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் உன் கைக்கு வந்தாக வேண்டும். அதனால் எழுதி, நம்ம மீனவர் சங்கத்துப் பத்திரிகையிலேயே போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு மட்டும் எழுதியிருந்தால் நீ படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளலாம். உன் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. எனக்கே அப்படி மடித்து வைத்துப் பழகிவிட்டது. ஊர் படிக்கிற இடத்தில் வந்துவிட்டால் நீயும் மடிக்க முடியாது, நானும் மடிக்க முடியாது.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாயே, அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கடலில் பிளாஸ்டிக் சேராமல் இருக்க ஒரு ஒப்பந்தம் பேசுகிறார்கள், அதில் மீன்பிடிக்கிற ஜனங்கள் சார்பில் நான் கொஞ்ச நேரம் பேசுவேன் என்று சொன்னாய். எனக்குப் புரிய வேண்டும் என்று முதலில் தமிழில் பேசிக் காட்டினாய். "வேறு ஏதோ ஒரு நாட்டிலிருந்து மிதந்து வந்த வலை என் அப்பாவைக் கொன்றது. அந்த நாட்டின் பெயர்கூட எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தாய். நீ பேசினால் யாருக்கும் அழுகை வரும். பேசி முடித்து, அந்த வலையில் சிக்கி வந்த ஆரஞ்சு மிதவையைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே, "எப்டிமா கீது?" என்று கேட்டாய். நல்லா கீது என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

அந்த வலை வேறு நாட்டு வலை இல்லை கண்ணு. நம்ம நெட்டுக்குப்பத்து வலை.

படித்த உடனே எழுந்து நடக்க ஆரம்பித்திருப்பாய், எனக்குத் தெரியும். உட்கார். முழுசாகச் சொல்கிறேன். நம்ம ஊரில் ஒரு வலை கிழிந்து, முடிந்து முடிந்து, இனி முடிவதற்கு இடமே இல்லை என்று ஆன பிறகு அதை எரிக்க மாட்டோம், குப்பையிலும் போட மாட்டோம். சோறு போட்ட வலை. அதை அனுப்பிவைப்போம். உனக்குத் தெரிந்ததுதான், வேறு ஊர்க்காரர்களும் இந்தப் பத்திரிகையைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மிதவையையும் ஈயக்குண்டையும் கழற்றிக்கொண்டு, வலையைச் சுருட்டி மணலில் வைத்துக் கற்பூரம் கொளுத்துவோம். அந்த வீட்டுப் பெண் தன் புடவை முந்தானையில் ஓரமாக ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, வலையின் மேல் விளிம்பில் ஓடுகிற தலைக்கயிற்றில் கட்டுவாள். கட்டுகிற விதம் ஒன்று இருக்கிறது. தாலிக்கயிறு மாதிரி மூன்று முடிச்சு, ஆனால் மூன்றாவது முடிச்சை இறுக்காமல் விடுவது. இனிமேல் நீ எங்களுக்குக் கட்டுப்பட்டதில்லை, போ என்று அர்த்தம். ஆம்பளைகள் அதில் கல்லைக் கட்டி எடுத்துப் போய்க் கடலில் இறக்கிவிட்டு வருவார்கள். எங்கள் பழைய நண்டு வலையை அனுப்பின அன்று உன் அப்பா அதைத் தட்டிக் கொடுத்து, "நீ போய் ரெஸ்ட் எடு மாமு, எனக்குத்தான் நாளைக்கும் டியூட்டி கீது" என்றார். கரையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். என் பூனம் புடவையில் ஒரு துண்டைக் கிழித்து நான்தான் கட்டினேன்.

பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் அது சரி. கடலுக்குள் போனால் கொஞ்ச நாளில் வலையும் மக்கும், கட்டின சேலைத் துணியும் மக்கும். உண்மையிலேயே போய்ச் சேர்ந்துவிடும். நைலான் வந்தது, அதே மாதிரி மக்காத பூனம் புடவை வந்தது, நாங்கள் அதே மஞ்சள் அதே கற்பூரத்தோடு அனுப்பிக்கொண்டே இருந்தோம். யாரும் நிறுத்தி யோசிக்கவில்லை. அதுவும் போய் ஓய்வெடுக்கவில்லை. அடியில் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

அன்று அப்பாவும் ஏழுமலை சித்தப்பாவும் பைபர் போட்டில் போனார்கள். போட்ட வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும். அப்பா கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு இறங்கினார். எத்தனையோ தடவை செய்த வேலைதான், அதனால் சித்தப்பா பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். பீடி முடிந்தும் ஆள் வரவில்லை என்றதும் குதித்தார். அடியில் கல்லைச் சுற்றி ஒரு பழைய வலை கிடந்திருக்கிறது. நம்ம புது வலை அதில் மாட்டி, அதை எடுக்கப் போன அப்பாவின் கால் அதற்குள் போய், உதற உதறச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சித்தப்பா அந்த வலையையும் சேர்த்து அறுத்துத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மணலில் கிடத்தினபோது வலை காலோடு இருந்தது. கணுக்காலுக்குப் பக்கத்தில் தலைக்கயிறு. கயிற்றில் ஒரு துணி. சாயம் போய்ப் பாசி பிடித்திருந்தது, ஆனால் துணி துணியாகவே இருந்தது. முடிச்சும் முடிச்சாகவே இருந்தது. மூன்று முடிச்சு, மூன்றாவது தளர்ந்து. நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியவள், அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுத பெண்களில் ஒருத்தர்கூட அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. குளிப்பாட்டும்போது அவர் காலில் முட்டி வரைக்கும் வலையின் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. அந்தக் கட்டங்களின் மேல்தான் மஞ்சளைப் பூசினேன். நீ ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து மாலை போட்டாயிற்று. வலையை ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். துணி அதில் இல்லை. யாரோ அறுத்து எடுத்துவிட்டார்கள்.

கருமாதி முடிந்து கோயில் முன்னால் ஊர் கூடினது உனக்கு நினைவிருக்கும், நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். வலையை நடுவில் பரப்பிப் போட்டார்கள். இது யாருடைய வலை என்று தலைவர் கேட்டார். முதலில் ஒருத்தர் இது காசிமேட்டு லாஞ்சுக்காரன் வலை என்றார். காசிமேட்டில் மாமியார் வீடு இருக்கிற இன்னொருத்தருக்குப் பொறுக்கவில்லை, அவர் அதைப் பழவேற்காட்டுக்குத் தள்ளினார். பழவேற்காட்டில் பெண்ணைக் கொடுத்தவர் எழுந்து, அங்கே இவ்வளவு சின்னக் கண்ணி போடுகிற வழக்கமே இல்லை, இது ஆந்திராக்காரன் வலை என்றார். ஆந்திராவுக்குப் போனது சிலோனுக்குப் போனது. யாருக்கும் மனசு நிறையவில்லை. அப்போதுதான் வலையில் சிக்கியிருந்த அந்த ஆரஞ்சு மிதவையை ஒருத்தர் உருட்டிப் பார்த்து, இதில் என்னவோ எழுதியிருக்கிறது என்றார். கப்பலில் வேலை பார்த்தவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, இது தாய்லாந்து எழுத்து என்றார். அவர் தாய்லாந்து பக்கமே போனவர் இல்லை. ஊருக்கே மூச்சு வந்தது. அன்றைக்கு அந்த வலைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தோம். விசாரிக்க வந்த அதிகாரியும் வெளிநாட்டு வலை என்றே எழுதிக்கொண்டு போனார்.

நீ அந்த மிதவையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாய். வலையை என்ன செய்தார்கள் என்று நீ கேட்கவில்லை. நான் சொல்கிறேன். திரும்பவும் கடலிலேயே கொண்டுபோய்ப் போட்டார்கள். இந்தத் தடவை மஞ்சள் துணி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மிதவை பொய் இல்லை. அது நிஜமாகவே எங்கேயோ அறுந்து வந்து நம்ம வலையோடு பின்னிக்கொண்டு கிடந்ததுதான். அதனால் உன் பேச்சு முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் நீ கரையில் ஒதுங்குகிற பாட்டில்களைப் பொறுக்கி வந்து வீட்டுச் சுவர் ஓரம் வரிசையாக வைப்பாய். தெரியாத எழுத்து இருப்பதை மட்டும்தான் எடுப்பாய். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர் சொல்வார். இது பர்மாக்காரன் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், இது மலேயாக்காரன் குடிக்கிற சர்பத்து என்று அளந்து விடுவார். ஒரு நாள் நீ, "அப்ப நம்ப பாட்டிலு எங்கப்பா போவும்?" என்று கேட்டாய். அவர் யோசிக்கவே இல்லை. "அத்த அவன் புள்ள பொறுக்கிகினு இருக்கும்" என்றார். நீ சிரித்தாய். எனக்கு இப்போது அது சிரிப்பாக இல்லை. அங்கே கூடி உட்காருகிற நாட்டுக்காரர்கள் எல்லோரும் தங்கள் கரையில் ஒதுங்கினதைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள். தன் கரையிலிருந்து போனதை எடுத்துக்கொண்டு ஒருத்தராவது வருவார்களா? நீயும் மிதவையைத்தானே எடுத்துக்கொண்டு போகிறாய்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எங்கே நின்று சொல்வது? நம்ம ஊர் எப்படி இருக்கிறது பார். முன்னால் கடல், ஒரு பக்கம் ஆறு, பின்னால் கம்பெனி மதில். வெளியே போக ஒரு ரோடு, அதில் லாரி. வாசலில் எட்டிப் பார்த்தால் அன்றைக்கு மாரடித்து அழுத அதே முகங்கள். புருஷன் போனவளுக்கு மீன் வாங்க ஏலத்தில் முன்னால் இடம் விட்டவர்கள் அவர்கள். உனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள். அவர்களில் ஒருத்தி கட்டின முடிச்சு என் புருஷன் காலில் இருந்தது என்று நான் சொல்லிவிட்டு, மறுநாள் யார் பக்கத்தில் கூடையை வைத்து உட்காருவேன்? அதோடு அது என் முடிச்சாகவும் இருக்கலாம். பாசியும் சாயம் போன துணியும்தான் நான் பார்த்தது. பச்சையா, சிவப்பா, ஊதாவா, எதுவும் தெரியவில்லை. நாங்கள் அனுப்பின நண்டு வலை எங்கே போய்க் கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? குளிக்கும்போது, மீன் ஆயும்போது, படுக்கும்போது இது வந்துவிடும். கட்டின கையைப் பார்ப்பேன்.

மற்றதிலும் அப்படித்தான் கண்ணு. திருவொற்றியூர் மார்க்கெட்டில் நீ எனக்குத் துணிப்பை கொடுத்து, இனிமேல் கவர் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாளே ஒரு அம்மா சங்கரா மீனை எடை போட்டு, ஆய்ந்து, கழுவி எல்லாம் ஆன பிறகு, "கவர் இல்லியா? மீன கையில புடிச்சிகினு பஸ்ல போவ சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். அங்கே கவர் இருந்தது. ஆய்ந்த மீனை நான்தான் குழம்பு வைத்தேன். அதற்கப்புறம் கூடைக்கு அடியில் கொஞ்சம் கவர் ஒளித்து வைத்திருந்தேன். நீ வருகிற நாளில் எடுத்துவிடுவேன். எது சரி என்று தெரியாமல் யாரும் இதைச் செய்யவில்லை. பக்கத்துக் கடைக்காரியும் நிறுத்தினால்தான் நானும் நிறுத்த முடியும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ போகிற இடத்திலும் பெரிய பெரிய நாடுகள் இப்படித்தான் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன என்று நீ ஒரு தடவை அலுத்துக்கொண்டாய். பிளாஸ்டிக் செய்ய எண்ணெய் எடுத்துக் கொடுக்கிறவன் குப்பையைப் பற்றி மட்டும் பேசு, பிளாஸ்டிக் செய்வதைப் பற்றிப் பேசாதே என்கிறானாம். இன்னொருத்தன் நீ முதலில் குறை, பிறகு நான் குறைக்கிறேன் என்கிறானாம். எனக்கு அது புரியாமல் இல்லை. மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறேனே.

நீ டெல்லிக்குப் போன மறுநாள் நம்ம தெரு வசந்தா நம்ம வாசல் வழியாகப் போனாள். கையில் ஒரு தட்டு. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தட்டின் மேல் மூடிக்கொண்டாள். மங்கலக் காரியத்துக்குப் போகிறாள், எதிரே நான் வந்துவிட்டேன் என்று மூடுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து நான்தான் சங்கடப்பட்டு ஒதுங்கினேன். அவள் தாண்டிப் போன பிறகுதான் பார்த்தேன், முந்தானை ஓரம் புதிதாகக் கிழிந்து நூல் தொங்கியது. அவர்கள் வீட்டு வலையை அனுப்பப் போகிறார்கள். அவள் மூடினது நான் விதவை என்பதற்காக இல்லை திவ்யா. அவளுக்குத் தெரியும் என்பதற்காக. தெரிந்தே போகிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சாப்ட்டியா வசந்தா?" என்று கேட்டேன். ஆச்சுக்கா என்றாள். அவள் புருஷனும் வலை மாட்டினால் முங்கி எடுக்கிறவன்தான். அன்றைக்குச் சாயங்காலம் நான் எழுந்து உன் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் இஞ்சினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அந்தத் துணிய நீதான அறுத்த, ஏழுமல?"

அவர் நிமிரவில்லை. "இப்ப இன்னாத்துக்கு அண்ணி அது? பொண்ணு பிளேன் ஏறப் போற நேரத்துல."

"அது அங்க போயி பொய் சொல்லப் போவுது. பொய்யின்னு தெரியாமலே சொல்லப் போவுது."

"எது பொய்யி? மெதவையில எழுத்து இல்ல? அது இன்னா நம்ப ரேஷன் கடை எழுத்தா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. துடைக்கிற துணியைக் கீழே போட்டுவிட்டு, இந்தத் தடவை மெதுவாகப் பேசினார். "அண்ணி, நான் சொல்றத கேளு. ஆத்துல கம்பெனி சாம்பல வுடறவன் கீறான், எண்ணெய வுடறவன் கீறான். ஒருத்தனாவது என்னுதுன்னு சொல்லிகிறானா? நம்ப மட்டும் போயி எங்களுதுன்னு வாயத் தொறந்தா, மொத்த கடலையும் நம்ப தலையில கட்டிருவானுங்க. நாளைக்கி ஆத்தப் பத்தி மனு குடுக்கப் போனா, நீங்கதானய்யா கலீஜ் பண்றீங்கன்னு தொரத்துவான். அப்ப இன்னா பண்ணுவ?"

அவர் சொல்வது நடக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வசந்தாவின் தட்டு கண்ணை விட்டுப் போகவில்லை. நான் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவர் இஞ்சினைத் தள்ளி வைத்துவிட்டு, "துணிய அறுக்கும்போது முடிச்சுக்கு உள்ள கலரு போவல. யாரு பொடவைன்னு எனக்குத் தெரியும். சொல்லட்டா?" என்று கேட்டார். மிரட்டினாரா, சுமந்தது போதும் என்று இறக்கி வைக்கப் பார்த்தாரா, தெரியவில்லை.

"சொல்லாத" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். பேர் தெரிந்துவிட்டால் அந்த ஒருத்தி மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மற்ற எல்லோரும் கையைக் கழுவிக்கொள்வோம். நாங்கள் ஏற்கனவே ஒரு தடவை தாய்லாந்தின் மேல் போட்டுக் கழுவியவர்கள்தானே. அது நானாக இருந்தால், பாவம் என்று ஊர் என்னைப் பார்த்துவிட்டு நாளைக்கும் வலையை அனுப்பும். பேர் வேண்டாம். எல்லோருடையதாகவும் இருக்கட்டும்.

நான் எழுந்தபோது உன் சித்தப்பா பின்னாலிருந்து கேட்டார். "எல்லாம் சரி. பழைய வலைய இன்னா பண்ணச் சொல்ற? உன் வூட்ல வெச்சிக்கிறியா?" குத்தலாகத்தான் கேட்டார். நான் திரும்பி, "குடு, வெச்சிக்கிறேன்" என்றேன்.

மறுநாள் காலையில் தோளில் ஒரு பழைய வலையைச் சுமந்துகொண்டு வந்து நம்ம கூடத்தில் தொப்பென்று போட்டார். நான் பயந்து பின்வாங்குவேன் என்று பார்த்தாரோ என்னவோ. நான் அதைச் சுவர் ஓரம் தள்ளி வைத்துவிட்டு அவருக்கு டீ கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு வீட்டுக்காரர் வந்தார், அவருடைய பழைய வலை படகில் இடத்தை அடைக்கிறதாம். பிறகு இன்னொருத்தர். நேற்று வசந்தா வந்தாள். அன்றைக்கு அனுப்பினது போக அவர்கள் வீட்டுப் பரணில் இன்னொரு வலை இருந்ததாம். வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, உள்ள வெக்கட்டா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேருமாகப் பிடித்து உள்ளே தூக்கிப் போட்டோம்.

இப்போது எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியவில்லை. மாநகராட்சிக் குப்பை வண்டிக்காரர் ஈரக் குப்பை, காய்ந்த குப்பை இரண்டும் எடுப்பாராம், வலை எடுக்கச் சொல்லி அவருக்கு உத்தரவு இல்லையாம். காயலான் கடைக்காரர் வந்து பார்த்து, உப்பும் பாசியுமாக இருக்கிறது, இதை யாரும் வாங்க மாட்டார்கள், பாட்டில் இருந்தால் போடு என்றார். எரிக்கலாம் என்று ஒரு முனையை மட்டும் கொளுத்திப் பார்த்தேன். கறுப்பாக உருகிச் சொட்டியது. அந்தப் புகைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமிய இருமலில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன். மணலில் புதைத்தால் அடுத்த மழைக்குக் கடல்தான் எடுத்துக்கொண்டு போகும். வலை விற்ற கடையில் கேட்டேன். புதுசு வேணுமா என்று கேட்டார்கள். நிலத்தில் இதற்கு இடம் இல்லை. கடலில் போடக் கூடாது. அதனால் என்னோடு இருக்கிறது. கூடம் நிறைந்துவிட்டது. உன் அப்பா படம் மாட்டியிருக்கிற சுவரில் பாதி வரைக்கும் ஏறிவிட்டது. நான் அடுக்களையில் படுத்துக்கொள்கிறேன். வீடு முழுக்கக் கடல் நாற்றம்.

உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. ஆனாலும் தாய் என்பதால் சொல்கிறேன். நீ எழுந்து நிற்கும்போது மிதவையைக் காட்டு, அது உங்களில் யாருடையதோ என்று சொல். அதற்கு முன்னால், என் அப்பாவின் காலில் இருந்த வலை எங்கள் ஊருடையது, எங்கள் பெண்கள் மஞ்சள் கட்டி அனுப்பினது என்று சொல். அழுதுகொண்டு சொல்லாதே. அழுதால் உன்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். சொல்லிவிட்டுக் கேள். நாங்கள் இனிமேல் கடலில் போடவில்லை, எங்கே போடுவது? மக்காத நூலைச் செய்கிறவர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வருவார்களா? எந்த நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது? உங்கள் ஊர் மீன்பிடிக்கிறவள் இதை எங்கே வைத்திருக்கிறாள்? யாராவது ஒரு நாட்டுக்காரர், எங்கள் ஊரில் இப்படிச் செய்கிறோம் என்று ஒரு வழி சொன்னால், அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வா. எனக்கு அந்தக் கூட்டத்திலிருந்து வேண்டியது அது ஒன்றுதான்.

சித்தப்பா பயந்தது நடக்கலாம். பார்த்தீர்களா, மீன்காரர்களே ஒத்துக்கொண்டார்கள் என்று எவனாவது கையைத் தட்டுவான். ஊரில் சிலர் என்னோடு பேசாமல் போகலாம். இந்தப் பத்திரிகை வந்த அன்றே அது தெரிந்துவிடும். உனக்கு வேறு வழியே வைக்காமல் நான் அடைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரும். தெரிந்துதான் அடைத்தேன் கண்ணு. உன்னை அடைத்த இடத்தில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

அங்கே குளிர் என்று சொன்னாய், அப்பாவின் கம்பளியைப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன், எடுத்துப் போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ திரும்பி வரும்போது நம்ம வீட்டுக் கதவு முழுசாகத் திறக்காது, உள்ளே வலை முட்டும். உடைந்துவிட்டது என்று நினைத்து இடிக்காதே. பெட்டியை வெளியே வைத்துவிட்டு ஒருக்களித்து நுழைந்து வா. அம்மா உள்ளேதான் இருப்பேன்.